மூன்று பிள்ளை, மூன்று வயது: வீட்டுக்கல்விக்கு எந்தப் பாடத்திட்டம்? (குமரி மாவட்டம்)

பறளிக்கரை அம்மா | ஆகஸ்ட் 4

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் திருவட்டாறு பக்கம். மூத்தவனுக்கு 12, நடுவிலவளுக்கு 8, கடைக்குட்டிக்கு 4. கடந்த மே மாதத்தோடு பெரியவர்கள் இரண்டு பேரையும் தனியார் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டோம். ஒரு வருடமாக, காலையில் வேன் சத்தம் கேட்டாலே மூத்தவன் வாந்தி எடுத்தான். மூன்று முறை போய்ப் பேசியும் அங்கே யாரும் காது கொடுக்கவில்லை. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான், தூங்குகிறான், தங்கச்சியோடு சண்டை போடுகிறான். அதைப் பார்க்கவே எங்களுக்கு நிம்மதியாக இருக்கிறது.

ஆனால் பாடம் நடத்த முடியவில்லை. ஏழாம் வகுப்புக்கு ஒரு செட், மூன்றாம் வகுப்புக்கு ஒரு செட், சின்னவனுக்கு எல்கேஜி செட் என்று வாங்கி வைத்தேன். காலை 9 மணி முதல் 1 மணி வரை அட்டவணையும் போட்டேன். மூத்தவனுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கும்போது நடுவிலவள் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் காத்திருக்கிறாள். அவளிடம் போனால் சின்னவன் புத்தகத்தில் கிரேயான் இழுத்துவிடுகிறான். பதினொரு மணிக்கெல்லாம் என் தொண்டை வற்றிவிடும். அவர் விடியற்காலை ரப்பர் பால்வெட்டுக்குப் போனால் ஷீட் அடித்துவிட்டு வர மதியமாகிவிடும்.

மூன்று பேருக்கும் ஒரே பாடத்திட்டம் இருக்கிறதா? மூத்தவனை பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு எந்த வழியில் கொண்டுபோவது? இந்தப் பக்கத்தில் வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கற்பிக்க என்னென்ன இருக்கிறது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கரமடி | ஆகஸ்ட் 4

அக்கா, நான் கொளச்சல் பக்கம். எனக்கு ஒரு மகளும் ஒரு மகனும், 11 வயதும் 7 வயதும். இரண்டு வருடமாக வீட்டில்தான் படிக்கிறார்கள். முதல் ஆறு மாதம் நாங்களும் உங்களைப் போலத்தான் ஆளுக்கொரு செட் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினோம்.

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். கணக்கும் வாசிப்பும் மட்டும்தான் ஆளுக்கு ஆள் தனி. அவை படிக்கட்டு மாதிரி, ஒரு படியை விட்டு அடுத்ததில் கால் வைக்க முடியாது. அறிவியல், வரலாறு, புவியியல் அப்படியல்ல. ஏழாம் வகுப்பில் வருகிற ஒரு விஷயத்தை 7 வயதுப் பிள்ளையிடமும் பேசலாம், அவன் வாங்கிக்கொள்கிற அளவுதான் வேறு. அதனால் பொதுப்பாடத்துக்கு வீடு முழுவதும் ஒரே தலைப்பு. எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒன்று.

ஒரு மாதம் மீன்பிடித் தடைக்காலத்தை எடுத்துக்கொண்டோம். நம் மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கிழக்கே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே எங்கள் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னவன் காலண்டரில் கட்டம் கட்டமாக விரல் வைத்து எண்ணினான். முதலில் கிழக்குக்கு 61 நாள் வந்தது. மேற்குக்கும் 61 வந்ததும் தப்பாக எண்ணிவிட்டோமோ என்று திரும்பவும் முதலிலிருந்து எண்ணினான், மறுபடியும் 61தான். ஜூன் மாதத்து முதல் 14 நாள் இரண்டு பக்கத்திலும் விசைப்படகு போகாது என்பதை மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். பிறகு அந்த நாட்களில் சந்தையில் சாளை, நெத்தோலி விலையைத் தினமும் கேட்டு எழுதிக் கோட்டுப்படம் போட்டாள். இரண்டு கரைக்கும் ஏன் வேறு வேறு மாதம் என்று கேட்டதில் தென்மேற்குப் பருவமழை, மீன் முட்டையிடும் காலம், கடல் நீரோட்டம் எல்லாம் வந்தன. வரைபடம் பார்க்கப் பழகியதும் அப்போதுதான்.

அந்த மாதம் சமூக அறிவியல் புத்தகத்தைத் தொடவேயில்லை.

நாஞ்சில் டீச்சர் | ஆகஸ்ட் 5

அரசுத் தொடக்கப் பள்ளியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதில் எனக்கு முழுச் சம்மதம் கிடையாது. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளியே நல்லது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் பிள்ளை வாந்தி எடுக்கிற இடத்துக்குத் தினமும் அனுப்பு என்று எந்த டீச்சரும் சொல்லமாட்டாள். நீ செய்தது சரிதான் மக்களே.

முதலில் இரண்டு விஷயம் தெரிந்துகொள். 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும். பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அதில் இருக்கிறது, சேர்க்காவிட்டால் தண்டனை என்று இல்லை. வீட்டுக்கல்விக்கென்று தனியாக அனுமதியும் அதில் கிடையாது. அதனால் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு யாராவது வீட்டுக்கு வந்தால் பயப்படாதே, கோபமும் படாதே. உட்காரவைத்து, பிள்ளைகள் எழுதிய நோட்டுகளைக் காட்டு. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி எந்தப் பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் திரும்பச் சேர்க்கலாம். திரும்பிப் போகும் கதவு திறந்தேதான் இருக்கிறது. மாற்றுச் சான்றிதழைப் பத்திரமாக வை.

இரண்டாவது, இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும். அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளையை எடுப்பதானால் எதையெல்லாம் இழக்கிறீர்கள் என்று கணக்குப் பாருங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் கிடைப்பதற்கும் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளிப் படிப்பு, அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழிப் படிப்பு வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடு வேலை ஒதுக்கீட்டுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே சான்று கேட்கிறார்கள். வசதி குறைந்த வீட்டுக்கு இதெல்லாம் பெரிய விஷயம். உன் பிள்ளைகள் தனியார் பள்ளியில் படித்ததால் முதல் இரண்டும் உனக்குப் பொருந்தாது.

இனி சின்னவன். அந்த எல்கேஜி செட்டை எடுத்துப் பரணில் போடு. 4 வயதில் பென்சில் பிடித்துக் கோட்டுக்குள் எழுதவேண்டிய தேவை எதுவும் இல்லை. அவனுக்கு மண், தண்ணீர், சிரட்டை, கதை போதும். எழுத்து கேட்டால் அ, ஆ என்று வரிசையாகத் தொடங்காதே. அ எழுதுவதற்குச் சுழியும் வளைவும் வேண்டும், சின்னக் கைக்கு அது கஷ்டம். ட, ப, ம, ய என்று நேர்கோட்டில் வருகிற எழுத்துகளை மணலில் விரலால் எழுதவிடு. செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் வந்த காலத்தில் நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். இந்த நாலைந்து எழுத்தும் புள்ளியும் தெரிந்தால் போதும், படம், மடம், பட்டம் என்று வாசித்துவிடுவான். பிள்ளை முதல் வாரத்திலேயே ஒரு முழுச் சொல்லை வாசிக்கும்போது அதன் முகத்தைப் பார்க்கவேண்டும். 31 வருடத்தில் எனக்கு அது அலுத்ததே இல்லை.

நடுவிலவளுக்குத் தமிழுக்குச் சமச்சீர்ப் புத்தகமே போதும். கணக்குக்கு ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்துக்கொள். கடன் வாங்கிக் கழித்தல் என்பது கட்டை அவிழ்ப்பதுதான் என்று அவள் கையே அவளுக்குச் சொல்லும்.

பறளிக்கரை அம்மா | ஆகஸ்ட் 5

டீச்சர், நீங்கள் கோபப்படுவீர்கள் என்று பயந்துகொண்டேதான் வாசித்தேன். எல்கேஜி செட் பரணுக்குப் போய்விட்டது. கரமடி அண்ணன், மாதம் ஒரு தலைப்பு என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மூத்தவன் தலைப்புப் பாடத்திலேயே இருந்துவிட்டால் பத்தாம் வகுப்புத் தேர்வில் தடுமாறிவிடுவானோ என்று ஒரு பயம் இருக்கிறது.

வடசேரிக்காரி | ஆகஸ்ட் 6

என் மகள் 11 வயதிலிருந்து வீட்டில் படித்து இப்போது கல்லூரியில் இருக்கிறாள், அதனால் தேர்வு வழியை நான் சொல்கிறேன்.

உங்கள் மகனுக்கு இரண்டு பாதை இருக்கிறது. ஒன்று, மாநில அரசின் தனித்தேர்வர் பாதை. பன்னிரண்டரை வயது நிறைந்தால் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதலாம். பிறகு பத்தாம் வகுப்பையும் அதே மாதிரி எழுதலாம், அறிவியல் செய்முறைக்கு முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். மற்றொன்று தேசிய திறந்தநிலைப் பள்ளி, எல்லோரும் என்ஐஓஎஸ் என்பார்கள். 14 வயது நிறைந்திருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். எட்டாம் வகுப்புச் சான்று இல்லையென்றாலும் படிக்கும் அளவுக்குத் தகுதி இருக்கிறது என்று உறுதிமொழி கொடுத்தால் போதும். ஐந்து பாடம் எடுக்கவேண்டும், அதில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்கவேண்டும். வேண்டுமானால் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம்.

எங்களுக்கு மிகவும் உதவியது அதிலுள்ள நெகிழ்வுதான். பதிவு செய்து ஐந்து வருடத்துக்குள் 9 முறை தேர்வு எழுத வாய்ப்பு உண்டு. ஏப்ரல், மே ஒரு பருவம், அக்டோபர், நவம்பர் இன்னொரு பருவம். எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுதவேண்டும் என்றில்லை. என் மகள் முதல் பருவத்தில் தமிழும் ஓவியமும் மட்டும் எழுதினாள். இரண்டிலும் தேறியதும் கணக்கைப் பற்றிய பயம் பாதி போய்விட்டது. ஓவியம், மனையியல், டேட்டா என்ட்ரி எல்லாம் அங்கே முழுப் பாடங்கள். வீட்டில் எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்புக்கு 20 விழுக்காடு மதிப்பெண் உண்டு, அதைக் கடைசி நேரத்தில் ஏனோதானோ என்று எழுதவிடாதீர்கள். தமிழ்வழியும் இருக்கிறது. பிற்பாடு என்ன படிக்கப்போகிறான் என்பதைப் பார்த்துப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். பதினொன்றில் அறிவியல் வேண்டுமென்றால் பத்திலேயே கணக்கும் அறிவியலும் எடுத்துவிடுவது நல்லது.

உங்கள் மகனுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதுவரை கணக்கும் ஆங்கிலமும் தினமும் ஒரு மணி நேரம் தவறாமல் நடக்கட்டும், மற்றதைத் தலைப்பாகவே படிக்கட்டும். 13 வயதானதும் மாதத்துக்கு ஒரு நாள் பழைய வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதவையுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தேர்வில் வருகிற கஷ்டம் பெரும்பாலும் எழுதும் வேகத்தில்தான் வருகிறது. என் மகளுக்கு விடை தெரிந்தது, முதல் தேர்வில் நேரம் போதவில்லை.

மார்த்தாண்டம் வாசி | ஆகஸ்ட் 7

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தபோது எங்கள் பிள்ளைகள் 9, 6. ஒரு வருடம் வீட்டில் வைத்துவிட்டுப் பள்ளியில் சேர்ப்பது என்று திட்டம். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். தினமும் தலைப்பு யோசித்து, பொருள் சேகரித்து, ஊர் சுற்றிக் கற்பிக்க எனக்கு நேரம் இல்லை. அதனால் ஆங்கிலத்தில் ஒரு பெட்டிப் பாடத்திட்டம் வாங்கினோம். திங்கள்கிழமை எந்தப் பக்கம், செவ்வாய்க்கிழமை எந்தப் பக்கம் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். விலை அதிகம்தான். ஆனால் அந்த ஒரு வருடம் நாங்கள் தடம் மாறாமல் போனோம், பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்தபோது எங்கேயும் பின்தங்கவில்லை. அம்மாவுக்கு நேரம் இருக்கிற வீட்டுக்குத்தான் தலைப்புப் பாடம் சரிவரும். அதை யாரும் இங்கே சொல்லவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

கரமடி | ஆகஸ்ட் 7

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு வருடம் கழித்துப் பள்ளிக்குத் திரும்புவதாக இருந்தால் நானும் அந்தப் பள்ளிப் புத்தகத்தை ஒட்டித்தான் போயிருப்பேன். எங்கள் வீட்டில் மனைவி நர்ஸ், ஷிப்ட் மாறி மாறி வரும், நான்தான் கற்பிக்கிறேன். காலையில் இரண்டு மணி நேரம் கணக்கும் மொழியும், சாயங்காலம் தலைப்பு. நேரம் என்று பார்த்தால் பெட்டிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முந்தின இரவு 20 நிமிடம் யோசிக்கவேண்டும், அவ்வளவுதான்.

பெட்டியில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. ஒரு தெரிந்தவர் வீட்டில் பார்த்தேன். இலையுதிர்காலம், பனிப்பொழிவு, வசந்தம் என்று நாலு பருவம் வரைந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தது பிள்ளை. வெளியே கன்னிப்பூ நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. நாஞ்சில் நாட்டில் இருக்கிற பிள்ளைக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போகம் தெரியவேண்டாமா? இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் நம்முடையது. அதைப் பெட்டிக்குள் வைத்து யாரும் அனுப்பமாட்டார்கள்.

மார்த்தாண்டம் வாசி | ஆகஸ்ட் 7

அதை ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பனிமனிதன் பக்கத்தை எங்கள் பெண்ணும் வண்ணம் தீட்டினாள்.

மெல்ல வாசிப்போம் | ஆகஸ்ட் 9

என் மகனுக்கு 10 வயது, எழுத்து அவன் கண்ணில் கலங்கும், டிஸ்லெக்ஸியா. அவனை மாதிரிப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஒரு வார்த்தை. வயதுக்கேற்ற பாடத்தையும் வயதுக்கேற்ற வாசிப்பையும் சேர்த்துக் கட்டாதீர்கள். அவன் வாசிப்பது இரண்டாம் வகுப்பு அளவில். ஆனால் நான் வாசித்துக் காட்டினால் ஏழாம் வகுப்பு அறிவியலும் புரிந்துகொள்கிறான், கேள்வி கேட்கிறான். காதால் படிப்பதும் படிப்புதான். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நாலு நிலையில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே நிலை என்பது வகுப்பு இல்லை என்பதால் அவனுக்கு வெட்கம் வரவில்லை. திறந்தநிலைப் பள்ளியில் டிஸ்லெக்ஸியாவுக்கான சான்று கொடுத்தால் கூடுதல் நேரமும், எழுத ஆளும் தருவார்கள். சான்றைக் கடைசி வருடத்தில் தேடி அலையாமல் இப்போதே எடுத்து வையுங்கள்.

நாஞ்சில் டீச்சர் | ஆகஸ்ட் 10

இந்தத் தம்பி சொன்னது பொன்னான வார்த்தை.

வெளியே எங்கே கூட்டிப்போவது என்று கேட்டாயே. ஒரே இடத்தை மூன்று வயதுக்கும் எப்படிப் பிரிப்பது என்று ஒன்றிரண்டு சொல்கிறேன்.

திருவள்ளுவர் சிலை 133 அடி என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அதில் பீடம் 38 அடி, சிலை 95 அடி. அறத்துப்பாலில் 38 அதிகாரம், பொருளும் இன்பமும் சேர்ந்து 95 அதிகாரம். இதைச் சொல்லிவிடாமல் நடுவிலவளிடம் 133லிருந்து 38ஐக் கழிக்கச் சொல், மூத்தவனிடம் குறள் புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கொடு. இரண்டு பேரும் ஒரே எண்ணில் வந்து முட்டிக்கொள்வார்கள்.

பத்மநாபபுரம் அரண்மனை உனக்குப் பக்கம்தான், திங்கள்கிழமை மட்டும் போகாதே, விடுமுறை. சின்னவனைக் குனிந்து தரையில் முகம் பார்க்கச் சொல். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய தரை என்று அங்கே சொல்வார்கள். அப்படியே புலியூர்குறிச்சிக்கு வந்தால் உதயகிரிக் கோட்டை. 1741இல் கொளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டி லனாய், திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி 1777இல் இறந்து அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறது. மூத்தவன் தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும். எதிரியாக வந்தவர் ஏன் இங்கேயே இருந்துவிட்டார் என்ற கேள்வியை அவனே கேட்பான்.

இன்னொன்று உன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பழைய நில ஆதாரப் பத்திரம் ஏதாவது இருந்தால் எடு. அதில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும், மலையாள ஆண்டுக்கணக்கு அது. அதோடு 825 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில வருடம் வரும், ஆவணியில் ஆண்டு பிறப்பதால் சில மாதங்களுக்கு ஒன்று குறையும். 1101 என்று போட்டிருந்தால் 1925, 26. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது என்பதை அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல், ஏன் அதில் மலையாளம் இருக்கிறது என்று புரியும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். எங்கே போனாலும் மூன்று பேரையும் எழுதவைத்து வதைக்காதே. போய்வந்த அன்று பேச்சு மட்டும் போதும், மறுநாள் எழுதட்டும்.

பறளிக்கரை அம்மா | அக்டோபர் 12

இரண்டு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. நீங்கள் சொன்னதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

செப்டம்பருக்குத் தலைப்பு தண்ணீர். மாத்தூர் தொட்டிப்பாலம் எங்களுக்குப் பக்கம். எத்தனையோ தடவை உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம், படம் எடுத்துவிட்டு வந்துவிடுவோம். இந்தத் தடவை ஒரு டேப்பும் நூலும் கொண்டு போனோம். சின்னவன் கீழே நின்று தூண் எண்ணினான். 28 தூண் என்று எனக்குத் தெரியும், அவன் 20க்கு மேல் வேறு வழியில் போய்விட்டான், நான் திருத்தவில்லை. நடுவிலவள் 115 அடி உயரம் என்றால் எத்தனை அப்பா உயரம் என்று கேட்டாள். அவர் ஐந்தே முக்கால் அடி. வகுத்துப் பார்த்தால் சரியாக 20 அப்பா! வீட்டுக்கு வந்து இருபது அப்பாவை ஒருவர் தலைமேல் ஒருவராக வரைந்தாள்.

மூத்தவன் மேலே நடந்து நீளத்தைக் காலடியால் அளந்தான். தொட்டியின் அகலத்தை டேப்பால் எடுத்துக்கொண்டான், ஆழத்தை நூலில் கல் கட்டி இறக்கிப் பார்த்தான். ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டான். "அம்மா, தண்ணி மோட்டார் இல்லாமலே போகுதே?" கைப்பிடிச் சுவரில் கை ஊன்றிக் குனிந்து, ஒரு காய்ந்த இலை மிதந்து போவதையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பாலம் 1966இல் கட்டியது, ஒரு மலையிலிருந்து எதிர்மலைக்கு ஆற்றுக்கு மேலே தண்ணீர் கொண்டுபோகிறது என்று சொன்னேன். சரிவு எவ்வளவு இருக்கவேண்டும் என்று அவன் அதற்கு மேலும் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டாகப் பிளந்த பாக்குமரப் பாத்தியில் தண்ணீர் ஊற்றி, கீழே ஒவ்வொரு செங்கலாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று இரவு சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. பள்ளியில் படித்தபோது இந்தப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

கணக்கில் விழுக்காட்டுக்கு அப்பாவின் ரப்பர்தான் புத்தகம். ஒவ்வொரு நாளும் எத்தனை லிட்டர் பால், காய்ந்த ஷீட் எத்தனை கிலோ என்று ஒரு நோட்டில் எழுதுகிறான். மழை நாளில் பாலில் ரப்பர் குறைகிறது என்று அவனே கண்டுபிடித்தான். ஆசிட் ஊற்றினால் பால் ஏன் உறைகிறது, ஏன் விடியும் முன்னே வெட்டவேண்டும் என்பதெல்லாம் அப்பாவும் மகனுமாகப் பேசிக்கொள்கிறார்கள். மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பால் கணக்கை நடுவிலவள் எடுத்துக்கொண்டாள்.

வடசேரி அக்கா சொன்னபடி கணக்கும் ஆங்கிலமும் காலையில் தவறாமல் நடக்கிறது. எல்லா நாளும் நன்றாகப் போகிறது என்று சொல்லமாட்டேன். ஆங்கிலம் அவனுக்கு இன்னும் சிரமம்தான். போன வாரம் மூன்று நாள் எனக்குக் காய்ச்சல், ஒன்றுமே நடக்கவில்லை. இப்போது எனக்கு இருக்கிற கவலை வேறு. பெரியவர்கள் இரண்டு பேருக்கும் கூட்டாளிகள் குறைவு.

வடசேரிக்காரி | அக்டோபர் 13

20 அப்பா படத்தைக் கட்டாயம் எடுத்து வையுங்கள்.

கூட்டுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். வாரத்தில் ஒரே நேரத்தில், ஒரே ஆட்களோடு நடக்கிற ஒன்று வேண்டும். பயிற்சி வகுப்புகளை அடுக்காதீர்கள், ஒன்று போதும். சிலம்பம் நல்லது, ஒரே களத்தில் 7 வயதும் 15 வயதும் சேர்ந்து நிற்கும், அண்ணனும் தங்கையும் ஒன்றாகப் போகலாம். உங்கள் பக்கம் அடிமுறை என்ற தற்காப்புக் கலை ஆசான்கள் இருக்கிறார்கள். சில ஊரில் களியல் கற்றுத் தருகிறார்கள், கோலைத் தட்டிக்கொண்டு வட்டமாக ஆடுகிறபோது எதிரில் நிற்கிறவரோடு ஒத்துப்போகாமல் ஆடவே முடியாது. கூச்சமுள்ள பிள்ளைக்கு அது நல்ல மருந்து. நாகர்கோவில் வரும்போது மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகிவிடுங்கள். தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாக ஆய்வு செய்து போகலாம், பள்ளிக்குப் போகாதவர்களுக்கும் இடம் உண்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்களிடம் கேளுங்கள். உங்கள் மகனின் ரப்பர் நோட்டு பாதி ஆய்வு மாதிரி இருக்கிறது.

கரமடி | அக்டோபர் 13

நாங்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேரூர்க் குளத்துக்குப் போகிறோம். சுசீந்திரம், தேரூர் இரண்டும் சேர்ந்து 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் வந்தது. இனி வலசைப் பறவைகள் வருகிற காலம். மூன்று நான்கு குடும்பம் சேர்ந்துகொள்ளலாம். கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்று, பார்த்த பறவையையும் எண்ணிக்கையையும் எழுதினால் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றலாம். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வரும்போது பிள்ளைகளுக்குக் கை பழகியிருக்கும். தாமரை இலைக்கோழியும் நத்தைகுத்தி நாரையும் சின்னப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு, காலை ஆறரை. மழை என்றால் அடுத்த வாரம்.

மார்த்தாண்டம் வாசி | அக்டோபர் 14

எங்கள் பிள்ளைகளுக்கு ஞாயிறு லீவுதானே, நாங்களும் வரலாமா? ஒரு பைனாகுலர் இருக்கிறது.

கரமடி | அக்டோபர் 14

கட்டாயம் வாருங்கள். எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதற்குத்தான் எப்போதும் சண்டை.

நாஞ்சில் டீச்சர் | அக்டோபர் 14

தேரூர் எனக்கு நடந்து வருகிற தூரம். சின்னவனுக்குப் பார்க்கப் பொறுமை இருக்காது, அவனை என்னிடம் விடு. ஈர்க்குச்சிக் கட்டு பத்துக் கொண்டு வருகிறேன். 20க்கு மேல் என்ன வரும் என்று கரையில் உட்கார்ந்து நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

பறளிக்கரை அம்மா | அக்டோபர் 15

வருகிறோம் டீச்சர். பஸ் நேரம் மட்டும் யாராவது சொல்லுங்கள், தக்கலையில் மாறவேண்டும். மட்டிப்பழம் ஒரு குலை பழுக்கப் போட்டிருக்கிறேன், அன்றைக்குச் சரியாக இருக்கும்.